அலைச்சறுக்குக்கு ஹெல்மெட்: முதலில் தண்ணீரில் தேற வேண்டும், அப்புறம்தான் அடி தாங்குவதில்

கேள்வி இது: “மணல் தரையில் ஓராண்டு பழகிவிட்டேன். இனி பாறைத் தரை உள்ள இடங்களுக்குப் போகப்போகிறேன். வீட்டில் நல்ல சைக்கிள் ஹெல்மெட் இருக்கிறது. அதையே போட்டுக்கொள்ளலாமா, சர்ஃபிங்குக்கு என்று தனியாக வாங்க வேண்டுமா? ஹெல்மெட் போட்டால் அலை அதைப் பிடித்து இழுத்துக் கழுத்தை முறித்துவிடும் என்கிறார்களே, உண்மையா?”

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்கலாம். மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது.

கழுத்தை முறிக்கும் என்பது மிகை. ஆனால் வெறும் புரளி என்றும் தள்ளிவிட முடியாது. கடல்நீர் காற்றைவிட 800 மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. ஓடும் நீர் ஒரு பொருளைத் தள்ளும் விசை இரண்டைப் பொறுத்தது: அந்தப் பொருள் நீருக்கு எதிரே காட்டும் பரப்பு, நீரின் வேகம். பரப்பு இரட்டித்தால் விசையும் இரட்டிக்கும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். இதைத் தலைக்குப் பொருத்திப் பார்ப்போம். தலையின் அகலம் 15.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வெளி ஓடு, உள்ளே இருக்கும் ஃபோம் இரண்டும் சேர்ந்து 1.5 செ.மீ. தடிமன் கொண்ட ஒட்டிய ஹெல்மெட்டைப் போட்டால் அகலம் 18.5 செ.மீ. ஆகிறது, நீர் தள்ளும் பரப்பு சுமார் 40 சதவீதம் கூடுகிறது. 3 செ.மீ. தடிமனுள்ள சைக்கிள் ஹெல்மெட் என்றால் அகலம் 21.5 செ.மீ.; பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. அலைக்கு அடியில் உருளும்போது அந்த வித்தியாசம் முழுவதையும் தாங்குவது கழுத்துத் தசைதான்.

அதைவிட மோசமானது தொளதொளப்பு. தலைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே சுற்றிலும் 1 செ.மீ. இடைவெளி இருந்தால் போதும், 57 செ.மீ. சுற்றளவுள்ள தலையில் அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே நிற்கும். விளிம்பு வழியாக நீர் வேகமாகப் புகும்போது ஹெல்மெட் கவிழ்த்த வாளிபோல ஆகிவிடுகிறது. முன்பக்கமிருந்து புகுந்தால் ஹெல்மெட் பின்னால் தூக்கும், தாடை வார் தொண்டையை அழுத்தும். பின்பக்கமிருந்து புகுந்தால் முன்விளிம்பு மூக்குமேல் இறங்கிக் கண்ணை மறைக்கும். கழுத்தை இழுக்கிறது என்று புகார் சொல்பவர்கள் பெரும்பாலும் அளவு பெரிதாகவோ வேறு விளையாட்டுக்கு என்று செய்ததாகவோ போட்டிருப்பார்கள். தலையோடு ஒட்டி, ஓரம் மெலிந்து, துளைகள் வழியே நீரை உடனே வெளியே விடும் ஹெல்மெட்டில் இந்த இழுப்பு சிறிதளவே தெரியும். டக் டைவ் செய்யும்போது, அதாவது வரும் அலைக்கு அடியில் போர்டோடு மூழ்கி மறுபக்கம் வரும்போது, தலையைக் குனிந்து மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளப் பழகினால் அதுவும் குறையும்.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: சைக்கிள் ஹெல்மெட் வேண்டாம். தடிமன் மட்டும் காரணமில்லை. சைக்கிள் ஹெல்மெட்டின் பெரிய காற்றுத் துளைகள் முன்னோக்கித் திறந்திருக்கும். அவை நீரை வெளியே விடுவதைவிட உள்ளே வாங்கிக்கொள்ளவே தோது. உள்ளே இருப்பது இ.பி.எஸ். என்ற வெள்ளைத் தெர்மோகோல் வகை ஃபோம். ஒரே ஒரு பலத்த அடிக்காக அது செய்யப்படுகிறது: நொறுங்கி ஆற்றலை விழுங்கும், பழைய நிலைக்குத் திரும்பாது. அலைச்சறுக்கில் ஒரே நாளில் போர்டு நாலைந்து முறை தலையில் தட்டலாம். ஒவ்வொரு தட்டலும் அந்த ஃபோமில் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தை விட்டுவிட்டுப் போகும். உப்பு நீர் பசையையும் சாதாரண எஃகு ஆணிகளையும் தின்பது தனிக்கதை. பின்தலையில் இருக்கும் திருகுச் சக்கரத்தில் மணல் ஏறினால் இறுக்கவும் முடியாது, தளர்த்தவும் முடியாது.

எதிலிருந்து பாதுகாப்பு வேண்டும்?

அலைச்சறுக்குக் காயங்களில் எதிரி பாறை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2002இல் அமெரிக்க அவசர மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, 1,348 பேரிடம் இணையவழியில் கேட்டுத் திரட்டியது. அதில் திடீர்க் காயங்களில் 55 சதவீதம் சொந்தப் போர்டு பட்டு வந்தவை. 12 சதவீதம் அடுத்தவர் போர்டு. கடல்தரை பட்டது 17 சதவீதம். தலையிலும் கழுத்திலும் வந்தவை 37 சதவீதம். காய வகையில் வெட்டுக்காயமே முதலிடம், 42 சதவீதம். ஃபினின் (போர்டின் அடியில் இருக்கும் துடுப்பின்) ஓரமும் போர்டின் மூக்கும் செய்யும் வேலை இது.

ஹெல்மெட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கணக்கை மனதில் வைக்க வேண்டும். அடிக்கடி வருவது: லீஷ் (போர்டைக் காலோடு கட்டும் கயிறு) இழுபட்டு ரப்பர்போலச் சுருங்கி போர்டைத் தலைமேல் திருப்பி அனுப்புவது, ஃபின் கீறுவது, அலைக்கு அடியில் போர்டின் விளிம்பு தலையில் இடிப்பது. இவற்றுக்கு மெல்லிய கடின ஓடும் 8–10 மி.மீ. ஃபோமும் நிறையவே உதவும். அரிதாக ஆனால் கடுமையாக வருவது: ஆழமில்லாத பாறைமேல் தலை மோதுவது. அங்கே ஹெல்மெட் மண்டையோட்டையும் தோலையும் காக்கும். மூளை அதிர்ச்சியைக் குறைக்கலாம், தடுத்துவிடும் என்று எந்த ஹெல்மெட்டையும் நம்பி உறுதி சொல்ல முடியாது. தலை திடீரென்று சுழலும்போது மூளை உள்ளே முறுக்கப்படுவதுதான் அந்த அதிர்ச்சிக்குப் பெரும் காரணம். நேர் அடியை மட்டும் வாங்கும் ஃபோம் அதற்கு முழு மருந்தாகாது. தலைகீழாக மணலில் குத்தினால் கழுத்தெலும்பு நொறுங்கும் ஆபத்து ஹெல்மெட் போட்டாலும் அப்படியேதான் இருக்கிறது. மூக்கு, பல், தாடை மூன்றும் ஹெல்மெட்டுக்கு வெளியே.

காதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பக்கவாட்டில் விழும்போது நீர்ப்பரப்பு காதில் அறைந்தால் செவிப்பறை கிழியும். கிழிந்த காதுக்குள் குளிர்ந்த நீர் புகுந்தால் தலை கிறுகிறுத்து எது மேல், எது கீழ் என்று தெரியாமல் போகும். அலைக்கு அடியில் அதைவிட மோசமான நிலை வேறில்லை. காதை மூடும் மடல் உள்ள ஹெல்மெட் இந்த அறையை உடைத்துவிடும். மடலில் சிறு துளைகள் இருக்கிறதா என்று பாருங்கள்: துளையே இல்லையென்றால் நீர் உள்ளே அடைபடும், பக்கத்தில் கத்துபவர் குரலும் உயிர்க்காவலர் விசிலும் கேட்காது, துளை ஒன்றே பெரிதாக இருந்தால் நீர்த்தாரை நேரே காதுக்குள் போகும். பல சிறு துளைகள் இருப்பதே நல்லது. குளிர்நீரில் பல ஆண்டு ஆடுபவர்களுக்குக் காதுக்குழாயில் எலும்பு வளரும் தொல்லைக்கு மடல் மட்டும் போதாது, காதடைப்பானும் வேண்டும்.

லேபிளில் என்ன பார்ப்பது

அலைச்சறுக்கு ஹெல்மெட்டுகளில் பெரும்பாலும் காணும் தர எண் இ.என். 1385. இது ஐரோப்பியத் தரம். கயாக், கனோ போன்ற சிறு படகுகளுக்கும் வெள்ளைநீர் (நுரைத்துப் பாயும் ஆற்று) விளையாட்டுகளுக்கும் எழுதப்பட்டது, அதிலும் ஆற்றின் கடுமையை அளக்கும் வகுப்புகளில் 1 முதல் 4 வரைக்கும்தான். சர்ஃபிங்குக்கு நெருக்கமாக இருப்பது இதுதான் என்பதால் தயாரிப்பாளர்கள் இதையே எடுத்துக்கொள்கிறார்கள். வார் எவ்வளவு இழுவை தாங்கும், ஹெல்மெட் தலையிலிருந்து உருண்டு கழல்கிறதா, பார்வையை மறைக்கிறதா, நீரில் ஊறிய பிறகும் மிதக்கிறதா என்பவையெல்லாம் இதில் சோதிக்கப்படுகின்றன. இவற்றில் மிதக்கும் சோதனை சைக்கிள் தரத்தில் கிடையாது.

ஆனால் இ.என். 1385 என்ற எண்ணைக் கண்டதும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். இதன் மோதல் சோதனை வினாடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் நடக்கிறது. சுமார் 32 செ.மீ. உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். சைக்கிள், ஸ்கேட்போர்டு ஹெல்மெட்டுகளுக்கான இ.என். 1078இல் தட்டைப் பட்டறைமேல் மோதும் வேகம் வினாடிக்கு 5.42 மீட்டர், சுமார் 1.5 மீட்டர் உயரம். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், சைக்கிள் சோதனையின் அடி கிட்டத்தட்ட 4.7 மடங்கு. இரண்டிலும் தலைப்பொம்மைக்கு வரும் அதிர்வு 250 ஜி-யை (புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 250 மடங்கை) தாண்டக் கூடாது.

நீர் ஹெல்மெட்டின் தரம் ஏன் இவ்வளவு மெத்தனம் என்று தோன்றும். மெத்தனமில்லை, பேரம். 250 ஜி-க்குள் நிறுத்த வேண்டுமானால், சீராகவே வேகம் குறைந்தாலும்கூட 2.5 மீட்டர் வேகத்துக்கு 1.3 மி.மீ. தூரம் போதும்; 5.42 மீட்டர் வேகத்துக்கு 6 மி.மீ. வேண்டும். உண்மை ஃபோம் சீராக அமுங்காது: தொடக்கத்தில் இளகியும் போகப் போக விறைத்தும் நடந்துகொள்ளும், தன் தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு அமுங்கியதுமே கல்லாகிவிடும். அதனால் நடைமுறையில் இந்த எண்களின் பல மடங்கு தடிமன் தேவைப்படுகிறது. சைக்கிள் ஹெல்மெட் 25–30 மி.மீ. தடிமனாக இருப்பது அதனால்தான். அந்தத் தடிமனைத் தண்ணீருக்குள் கொண்டுபோனால் முன்பு சொன்ன இரட்டிப்புப் பரப்பு வந்து சேரும். அடிக்கான பாதுகாப்பும் நீரில் அடக்கமும் ஒன்றையொன்று தின்பவை. இரண்டையும் முழுதாகத் தருவதாக ஒரு விளம்பரம் சொன்னால் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

ஐரோப்பியச் சந்தைக்கான சிஇ முத்திரை மட்டும் போட்டு எண் போடாமல் விட்டிருந்தால் எந்த வேலைக்கான ஹெல்மெட் என்பது தெரியாது, எண்ணைத் தேடுங்கள். சில ஹெல்மெட்டுகளில் இ.என். 1078, இ.என். 1385 இரண்டும் இருக்கும். இவை ஸ்கேட், வேக்போர்டு இரண்டுக்குமாகச் செய்தவை. பெரிதாக, கனமாக இருக்கும். இழுவைப் படகின் பின்னால் போவோருக்குப் பரவாயில்லை. துடுப்படித்து அலைகளுக்கு அடியில் நுழைந்து நுழைந்து வெளியே போக வேண்டியவருக்குத் தொல்லை. சின்னக் குழந்தைகளுக்கான இ.என். 1080 ஹெல்மெட்டைத் தவறியும் வாங்க வேண்டாம். விளையாட்டுத் திடலில் ஹெல்மெட் எங்காவது மாட்டிக் குழந்தை தொங்கிவிடக் கூடாது என்பதற்காக, குறிப்பிட்ட இழுப்பில் தானே திறந்துகொள்ளும் பக்கிள் அதில் இருக்கும். பச்சை நிறப் பகுதியால் அடையாளம் தெரியும். கரையை நோக்கி உடையும் முதல் அலையிலேயே கழன்று போகும்.

மென்மையா, கடினமா?

கடையில் இரண்டு குடும்பம் இருக்கும். ஒன்று ஏபிஎஸ், பாலிகார்பனேட் என்ற கடின பிளாஸ்டிக் அல்லது கார்பன் நார் ஓடு, உள்ளே ஈ.வி.ஏ. ஃபோம். ஈ.வி.ஏ. என்பது செருப்பு அடியில் இருக்கும் அதே வகை. அமுங்கி மெல்லத் திரும்பி வரும், அதனால் பல சிறு அடிகளைத் தாங்கும். மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த காத் ஹெல்மெட் இந்த வகைக்குப் பேர்போனது. நீச்சல் தொப்பிபோலத் தலையோடு ஒட்டிய அதன் வடிவத்தைப் பிறகு பலர் பின்பற்றினார்கள். இரண்டாவது குடும்பம், ஓடே இல்லாத மென்தொப்பி: ரக்பி ஆட்டக்காரர் அணிவதுபோன்ற ஃபோம், மேலே துணி அல்லது ரப்பர் உறை.

மென்தொப்பி இலகு, பையில் மடித்துப் போடலாம், அடுத்தவர் தலையில் இடித்தாலும் காயம் செய்யாது, கூச்சமில்லாமல் அணியலாம். ஃபின் கீறலுக்கும் போர்டு தட்டலுக்கும் பலன் உண்டு. ஆனால் கூரான பாறை முனை ஒரே புள்ளியில் குத்தும்போது அந்த அழுத்தத்தைப் பரப்பிக் கொடுக்க அதில் ஓடு இல்லை. பல மென்தொப்பிகளுக்கு இ.என். 1385 சான்றும் கிடையாது. என் கணிப்பு இது: மணல் தரை, நெரிசலான பழகுமிடம், ஃபோம் போர்டு என்றால் மென்தொப்பி போதும். நீங்கள் போகப்போவது பாறைத் தரை, அதுவும் கண்ணாடியிழைப் போர்டோடு. கடின ஓடுதான் சரி. நீர்ச்சிறகு பொருத்திய ஃபாயில் போர்டு ஓட்டுபவர்களுக்கும் அதேதான். அந்தச் சிறகின் ஓரம் கத்தி.

எடை 300 முதல் 500 கிராமுக்குள் இருக்கட்டும். ஓடு கார்பன் என்பதற்காக மட்டும் கூடுதல் காசு கொடுப்பதில் பெரிய லாபமில்லை. எடை கொஞ்சம் குறையும், அடியை வாங்குவது எப்படியும் உள்ளே இருக்கும் ஃபோம்தான்.

முன்னால் நீட்டிய விளிம்பு வேண்டாம். வெயிலுக்கு இதம் என்று தோன்றும், டக் டைவ் செய்யும்போது அதுவே நெம்புகோலாகித் தலையைப் பின்னால் மடக்கும். விரலால் தொட்டாலே மடங்கும் சிறிய ரப்பர் விளிம்பு என்றால் பாதகமில்லை. கண்ணாடி முகமூடி உள்ள மாதிரிகள் நின்றபடி துடுப்புப் போடுவோருக்கும் காத்தாடிச் சறுக்குக்காரர்களுக்கும் பயன்படும். அலைக்குள் நுழைந்து வெளிவருபவருக்கு இல்லை.

வார்களைப் பிடித்துவைக்கும் ஆணியைக் கவனியுங்கள். துருப்பிடிக்காத எஃகில் 316 என்ற வகை உப்பு நீருக்கு 304ஐவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். காந்தத்தை வைத்துப் பார்ப்பது ஓரளவு உதவும்: பலமாக ஒட்டினால் சாதாரண எஃகாக இருக்க வாய்ப்பு அதிகம். பக்கிள் பிளாஸ்டிக்கில், இருபக்கமும் அழுத்தித் திறக்கும் வகையாக இருப்பது நல்லது. அதை ஒரு கையால், கண்ணை மூடிக்கொண்டு, விரல் ஈரமாக இருக்கும்போது திறக்க முடிய வேண்டும்.

நிறம் அழகுக்கு மட்டுமில்லை. ஆரஞ்சு, மஞ்சள் நிறங்கள் நுரைக்கு நடுவே தேடுபவர் கண்ணில் முதலில் படும், வெயிலில் குறைவாகச் சுடும். வெள்ளையும் குறைவாகவே சுடும், ஆனால் நுரையோடு கலந்துவிடலாம். கறுப்பு பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

அளவு எடுப்பதும் போட்டுப் பார்ப்பதும்

வாங்கியவற்றில் வீணாகிப் போவதற்குப் பெரும் காரணம் அளவுதான். துணி நாடாவைப் புருவத்துக்கு 2 செ.மீ. மேலே வைத்து, காதுக்கு மேலாக, பின்தலையில் மிகவும் புடைத்த இடத்தைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். மூன்று முறை அளந்து பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்நீரில் நியோப்ரீன் (ரப்பர்) தலையுறை போடுவீர்கள் என்றால் அதைப் போட்டபடியே அளக்க வேண்டும்: உறையின் தடிமனைப்போல் ஆறு மடங்கு சுற்றளவு கூடும். 2 மி.மீ. உறை 1.2 செ.மீ. கூட்டும், 3 மி.மீ. கிட்டத்தட்ட 2 செ.மீ. பல நிறுவனங்களில் அது ஒரு முழு அளவு வித்தியாசம். இரண்டு அளவுகளுக்கு நடுவே விழுந்தால் சிறியதை முதலில் போட்டுப் பாருங்கள். கூந்தல் நீளமானால் கொண்டை போட முடியாது. கழுத்தருகே தாழ்வாகப் பின்னிவிட்டு, அப்படியே அளக்க வேண்டும்.

எண் பொருந்தினால் மட்டும் போதாது. தலை மேலிருந்து பார்க்கையில் சிலருக்கு நீண்ட முட்டை வடிவம், சிலருக்கு வட்டம். வட்டத் தலையில் நீள ஹெல்மெட் போட்டால் தலையின் பக்கங்களில் அழுத்தும், நெற்றியில் காலியாக நிற்கும். நீளத் தலையில் வட்ட ஹெல்மெட் போட்டால் நெற்றி வலிக்கும், பக்கங்களில் நீர் புகும். கூடவே வரும் திண்டுகளை ஒட்டி 2–3 மி.மீ. இடைவெளியைச் சரிசெய்யலாம். அதற்கு மேல் போனால் அது உங்கள் தலைக்கான ஹெல்மெட் இல்லை.

போட்டுக்கொண்டபின் செய்ய வேண்டியவை:

1. வாரைப் பூட்டாமலே தலையை இடம் வலம் ஆட்டுங்கள். ஹெல்மெட்டோடு சேர்ந்து நெற்றித் தோலும் நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் நகர்ந்தால் பெரிது.

2. வாரைப் பூட்டுங்கள். பக்கவாட்டு இரு பட்டைகளும் காதுமடலுக்குச் சற்றுக் கீழே சேர வேண்டும். மோவாய்க்குக் கீழே ஒரு விரல் நுழையலாம், இரண்டு நுழையக் கூடாது. வாயை அகலத் திறந்தால் ஹெல்மெட் உச்சியில் லேசாக அழுத்துவது தெரிய வேண்டும்.

3. பின்விளிம்பில் இரு கட்டைவிரலையும் கொடுத்து மேலே, முன்னே தள்ளுங்கள். பிறகு முன்விளிம்பைப் பிடித்துப் பின்னே தள்ளுங்கள். நெற்றியில் இரண்டு விரலுக்கு மேல் திறந்துகொண்டால் அலை அதைக் கழற்றிவிடும்.

4. தரையில் குப்புறப் படுத்து, துடுப்படிக்கும் நிலையில் நெஞ்சைத் தூக்கி எதிரே பாருங்கள். இதைக் கடையில் செய்யக் கூச்சப்பட்டுத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பின்விளிம்பு தாழ்வாக இருந்தால் அது கழுத்தில் அல்லது ஈர உடையின் (குளிர்நீரில் அணியும் வெட்சூட்டின்) காலரில் முட்டி, ஹெல்மெட்டை முன்னே தள்ளிக் கண்ணை மறைக்கும். சைக்கிளுக்கும் மலையேற்றத்துக்கும் செய்தவை இந்தச் சோதனையில் உடனே தோற்கும். மிதவை உடுப்பு அணிபவர் அதையும் போட்டுக்கொண்டு படுத்துப் பார்க்க வேண்டும்.

5. இருபது நிமிடம் கழற்றாமல் வையுங்கள். கழற்றியபின் சிவந்த தடம் சில நிமிடங்களில் மறைந்தால் சரி. ஒரே இடத்தில் வலி தொடங்கினால் திருப்பிக் கொடுங்கள். ‘போகப் போகப் பழகிவிடும்’ என்பது ஃபோமுக்கு ஓரளவு பொருந்தும், எலும்புக்குப் பொருந்தாது.

குழந்தைக்கு வாங்கும்போது ‘அடுத்த வருஷமும் ஆகட்டும்’ என்று பெரிதாக வாங்குவது மேலே சொன்ன வாளியை அந்தச் சின்னக் கழுத்தில் கட்டிவிடுவதாகும்.

கடலுக்கு எடுத்துப்போகும் முன் நீச்சல்குளத்திலோ இடுப்பளவு அமைதியான நீரிலோ ஒருமுறை பாருங்கள். மூழ்கி எழுந்ததும் துளைகள் வழியே தண்ணீர் ஓரிரு வினாடியில் வடிய வேண்டும். நெற்றியில் தொடர்ந்து ஒழுகிக்கொண்டே இருந்தால் உள்ளே எங்கோ தேங்குகிறது என்று பொருள். பிறகு சுவரை உதைத்து, தலையைக் குனிந்தும் நிமிர்ந்தும் நீருக்குள் பாயுங்கள். நிமிர்ந்து பாயும்போது வார் கொஞ்சம் இழுக்கும், அது இயல்பு. குனிந்து பாயும்போதும் இழுத்தால் முன்விளிம்பு நெற்றியில் ஒட்டவில்லை. முன்திண்டைத் தடிமனாக்கிப் பாருங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள். முதல் சில நாட்கள் சிறிய அலைகளில் மட்டும் அணிந்தால், காது மூடியதால் ஒலியின் திசை மாறித் தெரிவது பழகிவிடும். திரும்பிப் பார்ப்பதை வழக்கத்தைவிட அதிகமாக்குங்கள்.

பராமரிப்பும் கழிப்பதும்

ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவிடுங்கள். பக்கிளின் பள்ளத்தில் மணல் இருந்தால் ஓடும் நீரில் பத்து முறை பூட்டித் திறந்தால் போய்விடும். பூட்டி நிறுத்திய காருக்குள் வெயிலில் விட வேண்டாம்: வெப்பத்தில் ஃபோம் சுருங்கும், பசை விடும். பெட்ரோல், தின்னர், ஸ்ப்ரே பெயின்ட் எதுவும் பாலிகார்பனேட்டைத் தொடக் கூடாது. மேலே பளபளப்பாகவே இருக்கும், உள்ளே நுண்விரிசல் விட்டிருக்கும்.

மாதம் ஒருமுறை கட்டைவிரலால் ஃபோமை அழுத்துங்கள். பள்ளம் சில வினாடிகளில் மேலே வந்தால் உயிர் இருக்கிறது; அப்படியே நின்றால் முடிந்தது. ஓட்டில் ஆணித் துளைகளைச் சுற்றி வெளுத்த கோடுகள், வாரின் தையலில் நூல் பிரிவது, உள்திண்டு கழல்வது ஆகியவற்றையும் பாருங்கள். ஓடு வெடித்தால், அல்லது பாறையில் பலமாக மோதினால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். இ.பி.எஸ். ஃபோம் உள்ளது என்றால் ஒரே பலத்த அடியோடு அதன் ஆயுள் முடிந்தது. அடியே படாவிட்டாலும் வெயிலும் உப்பும் பிளாஸ்டிக்கை நொறுங்கவைக்கும். அடிக்கடி கடலில் இறங்குபவர் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் புதிதாக வாங்குவது நியாயம். பழையது வாங்குவதாக இருந்தால் அது எத்தனை அடி வாங்கியது என்பதற்குச் சாட்சி கிடையாது, வேண்டாம்.

தலையில் அடிபட்டால் ஹெல்மெட் போட்டிருந்தாலும் அன்றைக்கு நீரை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்த நாளில் மறுபடி விளையாட்டுக்குத் திரும்பக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவத்தில் ஒத்துக்கொள்ளப்பட்ட விதி. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறும் பேச்சு, தூக்கக் கலக்கம், கைகால் மரத்துப்போவது, கழுத்து வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை.

ஹெல்மெட் போட்டால் கற்றுக்குட்டி என்று நினைப்பார்களோ என்ற தயக்கம் கேள்வியில் இல்லை, ஆனாலும் பலரிடம் உண்டு. ஹவாயின் பைப்லைன் என்ற அலையில் 2015 டிசம்பரில் தலையில் கடும் காயம்பட்ட ஆஸ்திரேலிய வீரர் ஓவன் ரைட், 2017இல் போட்டிக்குத் திரும்பி அந்த ஆண்டு உலகச் சுற்றின் முதல் போட்டியையே வென்றார். டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும் பெற்றார். பிறகு ஆபத்தான அலைகளில் ஹெல்மெட்டோடு இறங்கினார். 2023 டிசம்பரில் அதே பைப்லைனில் தலையில் அடிபட்ட பிரேசிலின் ஜோவாவ் சியாங்கா, 2024 ஒலிம்பிக்கின் அலைச்சறுக்கு நடந்த தஹிதியின் தியாஹுபோவில் ஹெல்மெட் அணிந்தே ஆடினார். அங்கே அலைக்கு அடியில் இருப்பது ஆழமில்லாத பவளப்பாறை.

கடைசியாக, ஹெல்மெட்டுக்கு வேலை வைக்காத சில பழக்கங்கள். விழும்போது தலைகீழாகப் பாய வேண்டாம். தட்டையாக, கைகால் விரித்து விழுந்தால் ஆழம் போக மாட்டீர்கள். நீருக்குள் இருக்கும்வரை முழங்கைகளை முகத்துக்கு முன்னால் மடக்கி, உள்ளங்கைகளைத் தலைமேல் வையுங்கள். மேலே வரும்போது ஒரு கை முதலில் வரட்டும், போர்டு அங்கேதான் காத்திருக்கும். லீஷ் போர்டின் நீளத்துக்குச் சமமாக இருக்கட்டும். குட்டையாக இருந்தால் போர்டு உங்கள்மேலேயே திரும்பி வந்து விழும். போர்டின் மூக்குக்கு ரப்பர் மூடி ஒட்டி, ஃபின்களின் கூர் ஓரத்தை நுண்ணிய உப்புத்தாளால் லேசாக மழுக்கிவிடுங்கள். பத்து நிமிட வேலை, ஓட்டத்தில் வித்தியாசம் தெரியாது.